பண்டிகை வழக்கத்த பழைய பேப்பர்ல தேடணும்னா எந்தப் பக்கத்த பொரட்டணும்?

வாசகர் கேள்வி, நவம்பர் 2

பழைய நியூஸ்பேப்பர் ஸ்கேன் எல்லாம் இப்போ நெட்லயே கிடைக்குதே, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஹாலோவீன் இதெல்லாம் 150 வருஷம் முன்னாடி எப்படி கொண்டாடினாங்கன்னு பாக்கலாம்னு டிசம்பர் 25, 26 தேதி பேப்பரா எடுத்து வரிசையா படிச்சேன். ஒண்ணுமே இல்ல. கப்பல் வந்துச்சு, பருத்தி விலை ஏறுச்சு, அரசியல் சண்டை, அவ்ளோதான். அப்போ அந்த காலத்துல யாரும் பெருசா கொண்டாடலன்னுதானே அர்த்தம்?

நவம்பர் 2, ராத்திரி

அந்த முடிவுக்கு போயிடாதீங்க. நானும் ரொம்ப காலமா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி இதுலதான் உக்காந்திருக்கேன், உறுதியா ஒண்ணு சொல்லலாம்னா இதுதான்: ஊரே செய்யுற காரியத்த பேப்பர் எழுதாது. படிக்கிறவனுக்கு தெரிஞ்சத அவனுக்கே எதுக்கு சொல்லணும். வழக்கம் மாறுறப்போ எழுதுவாங்க, அதால யாருக்காவது கை போச்சு கண்ணு போச்சுன்னா எழுதுவாங்க, இல்ல ஒருத்தர் அத வச்சு சரக்கு விக்கணும்னா காசு குடுத்து எழுத வைப்பாரு. அதனால 25ஆம் தேதிய மூடி வச்சிட்டு 27, 28 தேதி போலீஸ் கோர்ட் செய்திக்கு போங்க, ஆசிரியருக்கு வந்த கடிதங்களுக்கு போங்க, டிசம்பர் முதல் ரெண்டு வாரத்து விளம்பரங்களுக்கு போங்க.

முதல் பக்கம் பூரா விளம்பரமா இருக்கேன்னு சலிச்சுக்கவும் வேண்டாம். லண்டன் டைம்ஸ் 1966 மே மாசம் வரைக்கும் முதல் பக்கத்துல விளம்பரம்தான் போட்டுச்சு. நமக்கு வேண்டியது பாதி அங்கதான் கிடக்கு.

இன்னொண்ணு, எந்த ஊர் பேப்பர்ங்கிறதயும் பாருங்க. ஸ்காட்லாந்துல கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனதே 1958லதான். அங்க 19ஆம் நூற்றாண்டு பேப்பர்ல டிசம்பர் 25 சாதாரண வேலை நாள் மாதிரி இருந்தா அது உண்மையிலயே சாதாரண நாள். மாசசூசெட்ஸ்ல 1659ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா 5 ஷில்லிங் அபராதம்னு சட்டமே போட்டாங்க, 1681 வரைக்கும் இருந்துச்சு. அமெரிக்க மத்திய அரசு விடுமுறையா ஆக்கினது 1870ல. ஒரு இடத்துல மௌனம்னா "எல்லாருக்கும் தெரியும்"னு அர்த்தம், இன்னொரு இடத்துல "யாரும் செய்யல"ன்னு அர்த்தம். எது எதுன்னு அந்த ஒரு பேப்பர மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது.

நவம்பர் 3

மேல போலீஸ் கோர்ட்னு சொன்னது ஏன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. நேத்து தூக்கம் வராம இதத்தான் யோசிச்சிட்டிருந்தேன்.

நவம்பர் 5, இங்கிலாந்துல கய் ஃபாக்ஸ் நாள். 1605ல நாடாளுமன்றத்த வெடி வச்சு தகர்க்கப் பாத்த சதி பிடிபட்டதுக்கு வருஷா வருஷம் நன்றி சொல்லணும்னு சட்டமே போட்டாங்க, அந்த சட்டத்த 1859லதான் எடுத்தாங்க. சர்ச்ல பிரார்த்தனை நடந்துச்சுன்னு ஒரு வரி வரும், அதோட சரி. ஆனா 6, 7 தேதி பேப்பர்ல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிக்கிற பசங்கள பாருங்க, எந்தத் தெருவுல எத கொளுத்தினான், யாரோட வேலிக்கட்டைய பிடுங்கினான், வெடிய எங்க வாங்கினான், என்ன வயசு, அப்பா என்ன தொழில் எல்லாம் வந்துடும். லூயிஸ்ங்கிற ஊர்ல 1847ல இந்த தீப்பந்த ஊர்வலத்த தடுக்கப் போய் பெரிய கலவரமே ஆச்சு, அதனாலதான் அந்த ஊர் கொண்டாட்டம் பத்தி நமக்கு இவ்வளவு விவரம் தெரியுது. சத்தமில்லாம நடந்த ஊருங்க எல்லாம் பேப்பர்ல ஒரு தடமும் இல்லாம போயிடுச்சு.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. கோர்ட் செய்தியை மட்டும் படிச்சா அந்த காலத்து பண்டிகை எல்லாமே குடி, தீ, அடிதடின்னு தோணிடும். அமைதியா வீட்டுல உக்காந்து கொண்டாடினவன் எந்த மாஜிஸ்ட்ரேட் முன்னாடியும் நிக்கல. இத மறக்காம படிக்கணும், நான் ஒவ்வொரு தடவையும் எனக்கே சொல்லிக்கிறேன்.

நவம்பர் 3, கொஞ்சம் கழிச்சு

எனக்கு ரொம்ப பிடிச்ச கண்டுபிடிப்பு எதுன்னு கேட்டா நியூயார்க் தேங்க்ஸ்கிவிங்தான் சொல்வேன், நவம்பர் கடைசியில வர்ற அமெரிக்க நன்றி சொல்ற பண்டிகை. இன்னைக்கு குடும்பத்தோட சாப்பிடுற நாள், அணிவகுப்பு பாக்குற நாள்னு நினைக்கிறோம். 1890கள்ல இருந்து 1930கள் வரைக்கும் அந்த நகரத்து பேப்பர்கள நவம்பர் கடைசி வாரம் எடுத்து பாருங்க, பசங்க முகமூடி போட்டுட்டு, அப்பா கோட்ட மாட்டிக்கிட்டு, அம்மா பாவாடைய கட்டிக்கிட்டு, முகத்துல கரி பூசிட்டு தெருத்தெருவா வீடு வீடா போய் காசு, பழம் ஏதாவது குடுங்கன்னு கேக்குறாங்க. கடைகள்ல முகமூடி விக்கிறதுக்கு நவம்பர் மாசம் விளம்பரம் வருது. அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்துல பெயின் செய்தி நிறுவனத்து போட்டோ தொகுப்பு இருக்கு, 1910 வாக்குல எடுத்தது, அதுல அந்த பசங்க நேரா கேமராவ பாத்து நிக்கிறாங்க. பாக்குறவங்க ஹாலோவீன்னு அடிச்சு சொல்வீங்க.

அப்புறம் இது எப்படி போச்சு? அதையும் பேப்பர்லயே பாக்கலாம், ஆனா ஒரே செய்தியா இல்ல. கடிதங்கள்ல எரிச்சல் கூடிட்டே போகுது, பிச்சை எடுக்க பழக்குறோம்னு பள்ளிக்கூட அதிகாரிகள் கண்டிக்கிறாங்க, பசங்களுக்கு மாற்றா ஊர்வலம் போட்டினு சங்கங்கள் ஏற்பாடு பண்ணுது, 1924ல மேசிங்கிற பெரிய கடையோட அணிவகுப்பு வேற வந்துடுச்சு. 1930கள் முடியுறதுக்குள்ள வேஷம் போடுறது அக்டோபர் 31, அதாவது ஹாலோவீனுக்கு நகர்ந்துடுச்சு. இந்த நாள்ல முடிஞ்சுதுன்னு யாரும் தேதி போட்டு எழுதல. நவம்பர் முகமூடி விளம்பரம் வருஷா வருஷம் சின்னதாகி ஒரு கட்டத்துல வரவே இல்ல, அத வச்சுதான் நாம புரிஞ்சுக்கணும்.

நவம்பர் 4

எங்க தேடுறதுன்னு கேட்டவங்களுக்கு சுருக்கமா. அமெரிக்காவுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட குரோனிக்ளிங் அமெரிக்கா, இலவசம். ஆஸ்திரேலியாவுக்கு தேசிய நூலகத்தோட ட்ரோவ், இலவசம். நியூசிலாந்துக்கு பேப்பர்ஸ் பாஸ்ட், இலவசம். பிரிட்டனுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ், 2011ல ஆரம்பிச்சது, பெரும்பாலும் கட்டணம். நெதர்லாந்துக்கு டெல்ஃபர், ஆஸ்திரியாவுக்கு ஆன்னோ, பிரான்ஸுக்கு காலிகா. மொழி தெரியலன்னாலும் ஆன்னோவுல படம் பாக்கவே போகலாம்.

நவம்பர் 4, ராத்திரி

தேடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், இது தெரியாம நிறைய பேர் "ஒண்ணும் இல்ல"ன்னு திரும்பி போயிடுறாங்க. நாம தேடுறது பேப்பர இல்ல, மெஷின் அந்த பேப்பர பாத்து படிச்ச எழுத்த. மங்கின மை, பின்பக்கத்து எழுத்து இந்தப்பக்கம் தெரியுறது, மடிப்பு, கோணலா எடுத்த மைக்ரோஃபிலிம் இது எல்லாம் சேந்து மெஷினுக்கு கண்ணு தெரியாம பண்ணிடும். 1800க்கு முந்தின ஆங்கில அச்சுல இன்னொரு தொல்லை, வார்த்தைக்கு நடுவுல வர்ற எஸ் எழுத்த நீளமா எஃப் மாதிரி போடுவாங்க, மெஷின் அத எஃப்னே படிச்சு வச்சிருக்கும். அதனால கிறிஸ்துமஸ்னு சரியா தட்டினா வராதது, நடுவுல எஃப் போட்டு தப்பா தட்டினா கொட்டும்.

நான் என்ன பண்ணுவேன்னா பண்டிகை பேரையே தேட மாட்டேன். அந்த நாள்ல புழங்குற பொருள தேடுவேன். மெழுகுவத்தி, முகமூடி, வெத்து தோட்டா, விசிட்டிங் கார்டு. புத்தாண்டு அன்னைக்கு நியூயார்க்ல ஆம்பளைங்க வீடு வீடா போய் வாழ்த்து சொல்லிட்டு வர்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டுல பெருசா இருந்துச்சு, அத நான் பிடிச்சது கார்டு அச்சடிக்கிற கடைகளோட டிசம்பர் விளம்பரத்துல இருந்துதான். எந்த வீட்டு அம்மா அன்னைக்கு விருந்தாளிகள வரவேற்பாங்கன்னு பட்டியலே பேப்பர்ல வரும். அப்புறம் யாருக்கும் பொறுமை இல்லாம போய், கதவுல ஒரு கூடைய கட்டித் தொங்கவிட்டு கார்ட அதுல போட்டுட்டு போகச் சொல்ல ஆரம்பிச்சாங்க. கூடை வந்துச்சுன்னா வழக்கம் சாகப்போகுதுன்னு அர்த்தம்.

ட்ரோவ்ல இன்னொரு வசதி, மெஷின் தப்பா படிச்சத படிக்கிற யார் வேணும்னாலும் திருத்தலாம். நானும் ராத்திரி கொஞ்ச நேரம் பண்டிகை விளம்பரங்கள திருத்துறது உண்டு. ஒரு பத்தி திருத்தி முடிச்சா அடுத்து தேடுறவங்களுக்கு அது கிடைக்கும்னு நினைக்கிறப்போ ஒரு நிறைவு இருக்கு. நீங்களும் செய்யுங்க.

நவம்பர் 6

"முதல் முதல்ல எப்போ பேப்பர்ல வந்துச்சோ அப்போதான் அந்த வழக்கம் ஆரம்பிச்சுது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இத நான் ஒத்துக்க மாட்டேன், இந்த ஆர்க்கைவ் வேலையில அதிகமா குழி பறிக்கிறது இந்த நினைப்புதான்.

ஹாலோவீனுக்கு பசங்க கதவத் தட்டி மிட்டாய் குடு, இல்லன்னா குறும்பு பண்ணுவோம்னு மிரட்டுறது இருக்கே. ரொம்ப நாளா எல்லாரும் காட்டின ஆதாரம் 1927 நவம்பர், கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணத்து பிளாக்கிங்கிற சின்ன ஊர் செய்தி. அப்புறம் மேல மேல பேப்பர் ஸ்கேன் ஆக ஆக ஒன்டாரியோவுல சூ செயின்ட் மேரி ஊர் பேப்பர்ல 1917லயே கிடைச்சுது. பத்து வருஷம் பின்னாடி போயிடுச்சு. வழக்கத்துக்கு திடீர்னு வயசு ஏறல, ஸ்கேன் ஆன பெட்டி கூடியிருக்கு, அவ்வளவுதான். நாளைக்கே இன்னொரு பெட்டிய திறந்தா இன்னும் பின்னாடி போகலாம்.

கிறிஸ்துமஸ் மரமும் அப்படித்தான். எல்லாரும் சொல்றது இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் 1848ல போட்ட படம், விக்டோரியா ராணி, ஆல்பர்ட், குழந்தைங்க, நடுவுல மேஜை மேல மரம். அதுல இருந்துதான் ஆரம்பம்னு நிறைய பேர் எழுதுறாங்க. ஆனா விக்டோரியாவோட பாட்டி சார்லட் ராணி 1800லயே வின்ட்சர்ல மரம் வச்சுட்டாங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல லங்காஸ்டர் ஊர்க்காரர் ஒருத்தர் 1821ல கிறிஸ்துமஸுக்கு மரம் எடுக்க ஆள் போனத டயரியில எழுதி வச்சிருக்கார். ஜெர்மன் குடும்பங்க வீட்டுக்குள்ள சத்தமில்லாம செஞ்சிட்டிருந்தத படம்தான் தெருவுக்கு கொண்டு வந்துச்சு.

அந்த படத்துக்கு அப்புறம் நடந்தது இன்னும் நல்லா இருக்கும். 1850 டிசம்பர்ல அமெரிக்காவுல கோடீஸ் லேடீஸ் புக்ங்கிற மாசப் பத்திரிகை அதே படத்த எடுத்துச்சு, ராணி தலையில இருந்த கிரீடத்த அழிச்சாங்க, ஆல்பர்ட்டோட மீசைய எடுத்தாங்க, ஒரு சாதாரண அமெரிக்க வீடு மாதிரி ஆக்கி அச்சடிச்சாங்க. ரெண்டு படத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. நான் முதல்ல பாத்தப்போ கொஞ்ச நேரம் மத்த எல்லாத்தயும் மறந்துட்டு அதையே பாத்துட்டு இருந்தேன். ஒரு வழக்கம் நாடு விட்டு நாடு போறது எப்படின்னு கண்ணு முன்னாடி தெரியுது, மீசை போன இடம் உட்பட.

நவம்பர் 6, ராத்திரி

கோடீஸ் பேர் எடுத்ததால இதையும் சொல்லிடுறேன். அந்த பத்திரிகையோட ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல். மேல சொன்ன தேங்க்ஸ்கிவிங் நாடு முழுக்க ஒரே நாள்ல வரணும்னு வருஷக்கணக்கா தலையங்கம் எழுதினவங்க அவங்கதான், கவர்னர்களுக்கு கடிதம் மேல கடிதம், கடைசியா 1863 செப்டம்பர் 28 லிங்கனுக்கே எழுதினாங்க. அக்டோபர் 3 லிங்கன் அறிவிப்பு வந்துடுச்சு, நவம்பர் கடைசி வியாழன்னு. ஒரே ஆசிரியர் கையில மரமும் வியாழக்கிழமையும்!

நவம்பர் 7

மேல இருக்கறத எல்லாம் திரும்ப படிச்சுட்டு ஒண்ணு தோணுது. நான் பேப்பர சாட்சி மாதிரியே பேசிட்டு வந்திருக்கேன், பாத்தத சொல்றவன்னு. ஆனா ஹேல் விஷயத்துல பேப்பர் சாட்சி இல்ல, அதுவே பண்ணினது. இந்தக் கோணத்துல தேடினா நிறைய கிடைக்கும், கிடைச்சத கொட்டுறேன்.

பிப்ரவரி 2, அமெரிக்காவுல கிரவுண்ட்ஹாக்ங்கிற அணில் ஜாதி பிராணி வளைய விட்டு வெளிய வந்து நிழல பாத்தா குளிர்காலம் நீளும்னு சொல்ற நாள். ஜெர்மன் குடியேறிங்க நம்பிக்கைதான், பென்சில்வேனியாவுல ஒரு கடைக்காரர் 1840கள்லயே டயரியில எழுதியிருக்கார். ஆனா பங்ஸடானிங்கிற ஊர்ல அத திருவிழாவா ஆக்கினது 1886ல பங்ஸடானி ஸ்பிரிட்ங்கிற உள்ளூர் பேப்பர். அடுத்த வருஷமே குன்றுக்கு கூட்டமா போக ஆரம்பிச்சாங்க. அந்த பேப்பரோட ஆசிரியர் கிளைமர் ஃப்ரீஸ் அதுல முன்னாடி நின்னவர். அந்த வழக்கத்த பத்தி எழுதின பேப்பரே அத வளத்த பேப்பர், அப்போ அதோட வர்ணனைய அப்படியே நம்பலாமா? கூட்டம் எவ்வளவு, உற்சாகம் எவ்வளவுங்கிறதுக்கு பக்கத்து ஊர் பேப்பர்தான் பாக்கணும்.

புத்தாண்டு ராத்திரி டைம்ஸ் சதுக்கம். நியூயார்க் டைம்ஸ் 1904ல புது கட்டடத்துக்கு வந்துச்சு, சதுக்கத்துக்கு பேரே அதனாலதான் மாறுச்சு, அந்த வருஷம் டிசம்பர் 31 அவங்களே வாணவேடிக்கை நடத்தினாங்க. அப்புறம் நகரம் வாணவேடிக்கைக்கு தடை போடவும், 1907 கடைசி ராத்திரி இரும்பும் மரமும் வச்சு செஞ்சு 100 பல்பு மாட்டின உருண்டைய கம்பத்துல இறக்கினாங்க. உருண்டை இறக்கி நேரம் காட்டுறது புதுசு இல்ல, கிரீன்விச்ல 1833ல இருந்து கப்பல்காரங்களுக்காக பண்ணிட்டிருந்தாங்க. 1942லயும் 1943லயும் போர்க்கால விளக்குக் கட்டுப்பாட்டால உருண்டை இறங்கல, ஆனா கூட்டம் வந்துச்சு. உருண்டை இல்லாமலும் ஆளுங்க வந்து நின்னாங்க பாருங்க, அங்கதான் பேப்பர் ஆரம்பிச்சது ஜனங்களோடதா ஆயிடுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

1929ல ஷிகாகோவுல பட் பில்லிக்கன் அணிவகுப்பு. ஷிகாகோ டிஃபெண்டர்ங்கிற கறுப்பர் பேப்பர், அத நடத்தின ராபர்ட் ஆபட் ஆரம்பிச்சது. பேப்பர்ல குழந்தைகள் பகுதி ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ஒரு கற்பனை ஆசிரியர் பேரு பட் பில்லிக்கன். குழந்தைங்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்கினது கடைசியில தெரு முழுக்க ஊர்வலமா மாறி இன்னைக்கும் நடக்குது.

நவம்பர் 7, ரொம்ப லேட்டா

நியூயார்க் சன் பேப்பர்ல வந்த சாண்டா கிளாஸ் தலையங்கத்த விட்டுட்டேனேன்னு கேக்குறாங்க. சாண்டா நிஜமா இருக்காரான்னு கேட்டு எட்டு வயசு வர்ஜீனியா ஓஹான்லன் எழுதின கடிதத்துக்கு பதில். அது வந்தது 1897 செப்டம்பர் 21. செப்டம்பர்! கிறிஸ்துமஸ் பக்கத்துல கூட இல்ல. மத்த தலையங்கத்துக்கு கீழ ஒதுக்கமா, எழுதினவர் பேர் இல்லாம. எழுதினது ஃபிரான்சிஸ் சர்ச்னு அவர் 1906ல செத்ததுக்கு அப்புறம்தான் வெளிய தெரிஞ்சுது. டிசம்பர் பேப்பர மட்டும் தேடுறவங்களுக்கு இது கண்ணுல படவே படாது.

அதே மாதிரி சாண்டாவுக்கு எட்டு கலைமான் குடுத்த கவிதை 1823 டிசம்பர் 23 ட்ராய் சென்டினல் பேப்பர்ல பேர் போடாம வந்துச்சு, கிளமென்ட் மூர் தன்னோட தொகுப்புல சேத்தது 1844ல. இடையில பல வருஷம் பேர் இல்லாமலே பேப்பர் பேப்பரா சுத்துச்சு. இன்னொருத்தர் குடும்பம் எங்க தாத்தா எழுதினதுன்னு இன்னும் சொல்லிட்டிருக்கு.

நவம்பர் 9

சுத்துச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, இது எண்ணிக்கை வச்சு ஆராய்றவங்களுக்கு முக்கியம். 1792 அமெரிக்க தபால் சட்டப்படி ஒரு பேப்பர்க்காரர் இன்னொரு பேப்பர்க்காரருக்கு தபால் செலவே இல்லாம பேப்பர் அனுப்பலாம். அதனால எல்லாரும் எல்லாரோடதயும் வெட்டி தன்னோடதுல ஒட்டினாங்க. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல வைரல் டெக்ஸ்ட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியே இதுக்காக நடக்குது, ஒரே பத்தி எத்தனை பேப்பர்ல எப்படி ஓடுச்சுன்னு கம்ப்யூட்டர் வச்சு கண்டுபிடிக்கிறாங்க. ஈஸ்டருக்கு முட்டைக்கு சாயம் போடுறத பத்தி நாப்பது பேப்பர்ல வந்திருக்கேன்னு நாப்பது ஊர்ல போட்டாங்கன்னு சொல்லிடாதீங்க, ஒரு ஊர்ல ஒருத்தர் எழுதினத முப்பத்தொம்போது பேர் வெட்டி ஒட்டியிருக்கலாம். வரிய அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டு தேடி பாத்துடணும், அதுக்கு அப்புறம்தான் எண்ணணும்.

வாரப்பத்திரிகைன்னா தேதியையும் கவனிங்க. அட்டையில இருக்குற தேதிக்கு முன்னாடியே கடைக்கு வந்துடும். தாமஸ் நாஸ்ட் வரைஞ்ச சாண்டா, உள்நாட்டுப் போர் முகாம்ல வீரர்களுக்கு பரிசு குடுக்குற படம், ஹார்ப்பர்ஸ் வீக்லி 1863 ஜனவரி 3 இதழ்ல இருக்கு. ஜனவரியில எதுக்கு சாண்டான்னு குழம்ப வேண்டாம்.

நவம்பர் 10

ஈஸ்டர் முட்டைன்னதும் ஞாபகம் வந்துச்சு. வாஷிங்டன்ல பசங்க நாடாளுமன்ற கட்டடத்து சரிவுல முட்டை உருட்டுவாங்க. புல் பாழாகுதுன்னு 1876ல அந்த இடத்த விளையாட்டு மைதானமா பயன்படுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 1877ல மழை, யாருக்கும் சட்டம் பத்தி கவலை வரல. 1878ல பசங்கள விரட்டுனப்போ ஜனாதிபதி ஹேஸ் வெள்ளை மாளிகை புல்வெளிய திறந்து விட்டார். இன்னைக்கு வரைக்கும் அங்கதான். புல்லுக்காக போட்ட தடை இல்லன்னா அந்த முட்டை உருட்டல் பத்தி இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டாங்க. நவம்பர் 3 எழுதினதுக்கு இது இன்னொரு சாட்சி.

நவம்பர் 12

இதுக்கு எதிரா ஒரு நண்பர் நல்ல கேள்வி கேட்டார். "பேப்பர்ல இல்லன்னா நடக்கலன்னு சொல்ல முடியாதுன்னு சொல்றீங்க, அப்போ எப்பதான் நடக்கலன்னு சொல்றது?" ரெண்டு நாள் இதுவே மண்டையில ஓடுச்சு.

1752 எடுத்துக்குங்க. பிரிட்டன்ல காலண்டர் மாத்தினாங்க, செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. பதினோரு நாள குடுங்கன்னு ஜனங்க கலவரம் பண்ணாங்கன்னு எத்தனையோ புத்தகத்துல இருக்கு. அந்த வருஷத்து பேப்பர்ல கலவரத்துக்கு ஆதாரம் இல்ல. ஹோகார்த்ங்கிற ஓவியர் 1755 வாக்குல வரைஞ்ச தேர்தல் விருந்து ஓவியத்துல அந்த கோஷம் எழுதின பலகை ஒண்ணு கீழ கிடக்கு, அதுல இருந்து வந்த கதை. கலவரம்ங்கிறது பேப்பர்காரங்க விடாம எழுதுற விஷயம், ரொட்டி விலைக்கு நாலு பேர் கூடினாலே எழுதுவாங்க. அப்படிப்பட்ட விஷயம் எங்கயுமே இல்லன்னா அங்க மௌனத்துக்கு எடை இருக்கு. வீட்டுக்குள்ள மரம் வச்சதுக்கு மௌனமா இருந்தா எடை இல்ல.

ஆனா அதே காலண்டர் மாற்றத்துக்கு ஜனங்க எப்படி முரண்டு பிடிச்சாங்கன்னு ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1753ல ஒரு செய்தி இருக்கு. பக்கிங்ஹாம்ஷயர்ல குவெய்ன்டன்ங்கிற ஊர்ல ஒரு முள்மரம் உண்டு, சரியா கிறிஸ்துமஸுக்கு பூக்கும்னு நம்பிக்கை. புது காலண்டர்படி டிசம்பர் 24 ராத்திரி ரெண்டாயிரம் பேருக்கு மேல விளக்கு எடுத்துட்டு போய் மரத்த பாத்தாங்க. பூக்கல. அப்போ இது உண்மையான கிறிஸ்துமஸ் இல்லன்னு முடிவு பண்ணி 25ஆம் தேதிய கொண்டாட மாட்டோம்னு ஜனவரி 5க்கு காத்திருந்தாங்க. சுத்துப்பட்டு பாதிரியார்கள் வேற வழியில்லாம பழைய கிறிஸ்துமஸையும் கொண்டாடலாம்னு அறிவிச்சாங்க. எனக்கு இந்த செய்தி மேல அவ்வளவு பிரியம். அரசாங்கம் தேதிய மாத்தலாம், ஜனங்க மரத்துக்கிட்ட போய் கேட்டுட்டு வந்தாங்க.

நவம்பர் 12, தொடர்ச்சி

இதோட 1939ஐயும் வச்சு பாருங்க. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடைக்காரங்க கேட்டாங்கன்னு தேங்க்ஸ்கிவிங்க ஒரு வாரம் முன்னாடி தள்ளினார், நவம்பர் 30க்கு பதிலா 23. மாநிலங்க ரெண்டா பிரிஞ்சு, சில இடத்துல ரெண்டு நாளும் கொண்டாடி, கால்பந்து ஆட்ட தேதி எல்லாம் குழம்பி, காலண்டர் அச்சடிச்சவங்க தலையில கை வச்சு, ஆசிரியருக்கு கடிதப் பகுதி மாசக்கணக்கா நிரம்பி வழியுது. 1941 டிசம்பர்ல நாலாவது வியாழன்னு சட்டம் போட்டுதான் முடிச்சாங்க. ஒரு குடும்பம் அந்த நாள்ல என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க அந்த ரெண்டு வருஷ கடிதங்கள விட நல்ல இடம் எனக்கு தெரியல. அத பிடுங்கிடுவாங்களோன்னு பயந்து ஜனங்க தங்களோட வழக்கத்த ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்காங்க.

நவம்பர் 15

ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்து வெடி பத்தி. இது வழக்கத்தயே பேப்பர் மாத்தின கதை, நவம்பர் 7 பட்டியல்ல சேக்கலாம், ஆனா மனசு கனக்குற கதை.

1899ல இருந்து ஷிகாகோ ட்ரிப்யூன் சுதந்திர தினத்துல செத்தவங்க, காயம்பட்டவங்க கணக்க நாடு முழுக்க சேத்து போட ஆரம்பிச்சுது. 1903ல இருந்து அமெரிக்க மருத்துவ சங்கமும் கணக்கெடுத்துச்சு. அந்த ஒரு வருஷத்துல மட்டும் 466 சாவு. பெரும்பாலும் வெடிச்சு செத்ததில்ல, பொம்மைத் துப்பாக்கியில போடுற வெத்து தோட்டா கையில பாய்ஞ்சு, அழுக்கு உள்ள போய், டெட்டனஸ் வந்து நாள் கழிச்சு செத்தது. அதனாலதான் ஜூலை 5 பேப்பர்ல சாவு கம்மியா இருக்கும், ஜூலை 12, 15 பேப்பர்ல ஒவ்வொண்ணா வரும், பத்து வயசு, எட்டு வயசுன்னு. நான் ஒரு தடவை அந்த ரெண்டு வாரத்த வரிசையா படிச்சேன், பாதியில எழுந்து போயிட்டேன். எண்ணி எண்ணி போட்டதாலதான் நகரங்க தடை போட்டுது, பொது இடத்துல ஒரே வாணவேடிக்கை, ஊர்வலம்னு மாத்தினாங்க, பதினஞ்சு வருஷத்துக்குள்ள சாவு சில டஜனா இறங்கிடுச்சு. நகரமே ஒரு மைதானத்துல கூடி வாணவேடிக்கை பாக்குற வழக்கம் ஊர் ஊரா பரவினதுக்கு பின்னாடி அந்த பசங்க இருக்காங்க.

நவம்பர் 16

குட்டியா ஒண்ணு. மின்சார விளக்கு போட்ட முதல் கிறிஸ்துமஸ் மரம் 1882 டிசம்பர், நியூயார்க்ல எடிசன் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் வீட்டுல, 80 பல்பு, சிவப்பு வெள்ளை நீலம். அத விவரமா எழுதினது ஒரு டெட்ராய்ட் பேப்பர். சம்பவம் நடந்த ஊர்ப் பேப்பரோட நிறுத்திக்காதீங்க.

நவம்பர் 19

கடைசியா ஒரு பெரிய விஷயம், இத முன்னாடியே எழுதியிருக்கணும்னு தோணுது, ஆனா டிஃபெண்டர் பத்தி எழுதினதுக்கு அப்புறம்தான் இது எனக்கு முழுசா உறைச்சுது. மேல நான் சொன்ன எரிச்சல், விளம்பரம், கோர்ட் எல்லாம் யாரோட கண்ணு வழியா? பேப்பர் நடத்தினவங்களோட கண்ணு. யாருக்கு பேப்பர் இல்லையோ அவங்க பண்டிகை இன்னொருத்தர் பேப்பர்ல கேலியாவோ தொந்தரவாவோதான் வரும்.

நியூயார்க் மாநிலத்துல அடிமை முறை சட்டப்படி முடிஞ்ச நாள் 1827 ஜூலை 4. ஆனா கறுப்பின மக்கள் ஊர்வலம் போனது ஜூலை 5. அந்த வருஷம் மார்ச்லதான் ஃப்ரீடம்ஸ் ஜர்னல் ஆரம்பிச்சிருந்துச்சு, அமெரிக்காவுல கறுப்பர்களே நடத்தின முதல் பேப்பர். 4ஆ 5ஆ, தெருவுல ஊர்வலம் போறதா, சர்ச்ல அமைதியா கூடுறதான்னு அதுல விவாதம் நடந்துச்சு. பேப்பர் 1829லயே நின்னுடுச்சு, ஆனா அந்த ரெண்டு வருஷம் ஒரு சமூகம் தன்னோட விடுதலை நாள எப்படி கொண்டாடலாம்னு தனக்குள்ளயே பேசுறத அப்படியே படிக்க முடியுது. வழக்கம் உருவாகிறப்பவே பிடிபட்ட இடம் இது, எனக்கு தெரிஞ்சு இப்படி இன்னொண்ணு அபூர்வம். பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை ஒழிப்பு வந்த 1834 ஆகஸ்ட் 1ஐயும் அமெரிக்க வடமாநிலங்கள்லயும் கனடாவுலயும் கொண்டாடினாங்க, பேப்பர்ல அதுக்கும் அறிவிப்பு, பேச்சு, சுற்றுலா ரயில் விவரம் எல்லாம் கிடைக்கும்.

ஃப்ரீடம்ஸ் ஜர்னல் இதழ்கள் நெட்ல இலவசமாவே இருக்கு. 1827 ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வரிசையா படிங்க, தேடல் பெட்டிய நம்பாம பக்கம் பக்கமா. படிச்சவங்க எத பாத்தீங்கன்னு கீழ போடுங்க, நானும் இந்த வாரம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.